இரண்டாவது ரேம்

பொழுது சாய்ந்துவிட்டது. வயல்மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அரசலாற்றுக் கரைமேல் போகிற சாலை… ஒரு பக்கம் ஆறு, காவி நிறத்தில், சத்தமில்லாமல் போகிறது. இன்னொரு பக்கம் நட்டு முடித்த சம்பா வயல். கண்ணுக்கு எட்டின மட்டும் ஆள் கிடையாது. அந்தச் சாலை நடுவில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி நிற்கிறது. இஞ்சின் ஓடுகிறது. வண்டியில் வந்தவர் இறங்கி நிற்கிறார். சட்டைப் பைக்குள் ஏதோ இருக்கிறது. அதைத் தொடவும் பயம். எடுத்து எறியவும் பயம்.

அவர் என் மச்சான். பெயர் பகலவன். என் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

இதை நான் வெளியே சொன்னதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள் கணக்காய்க் காவல் கிடந்தோமே, அங்கேதான் வாய் திறந்தேன். பனி மழைபோலப் பெய்கிற ராத்திரி. ஈரப்பதம் கூடுதல் என்று அன்றைக்கும் யார் நெல்லையும் எடுக்கவில்லை. தார்ப்பாய்க்குள் ஐந்தாறு பேர் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வைக்கோல் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குவியல் துரைராசு திடீரென்று சொன்னான்.

"எனக்கு இதான் கடைசி. பாஸ்போர்ட்டக் குடுத்தாச்சு. சித்திரைல கெளம்புறேன்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. அமிர்தத்தக்கா மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போற எடத்துல ஆளு யாரும் இருக்காங்களா?" என்றது.

"கூட்டாளி இருக்கான்."

அப்போதுதான் எனக்கு மச்சான் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். என் மாமனார் இளையபெருமாள் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டினவர். மகனை மண்வெட்டி தொட விடவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்த்தார். படித்து முடித்த மச்சான் நன்னிலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தார். அப்போது வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் எல்லாம் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த நேரம். பூப்போட்ட துணி போர்த்தி, பொண்ணு மாதிரி மூலையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள்.

பாலிடெக்னிக்கில் மச்சானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஹம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளிவாசல் தெரு. அத்தா பக்கீர் முகம்மது ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒரே மகன். நாகப்பட்டினத்துப் பெண்ணைக் கட்டினார்கள். பெயர் தஹ்மீனா. மருதாணி அழிவதற்குள் ஹம்தான் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். ஏறுவதற்கு முன்னால் மச்சான் தோளில் கையைப் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

"பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வைடா. நான் போயி ஊனிக்கிட்டு ஒன்ன இழுத்துக்கறேன்."

மச்சான் எடுத்து வைத்தார். அந்தச் சின்ன நீலப் புத்தகத்தை நம்பித்தான் அந்த வீடே உட்கார்ந்திருந்தது. இனி நடவுக்குக் கூப்பிட்டால் வர முடியாது என்று மாமனார் ஊருக்குள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

போகும்போது ஹம்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிந்ததும் அம்மா ஹபீபுன்னிசாவும் தஹ்மீனாவும் அதன் முன்னால் உட்காருவார்கள். கேமராவில் அவன் முகம் வரும். பேசுவான், சிரிப்பான், சாப்பிட்ட தட்டைத் தூக்கிக் காட்டுவான். பிறகு கம்பெனி மாறிவிட்டேன் என்றான். அப்புறம் நோன்பு மாதத்தில் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனும் போகவில்லை. பெருநாள் வந்து போனது. அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பக்கீர் முகம்மது விடுமுறையில் வருகிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் விசாரித்தார். தெரியும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது அப்போது அவருக்குப் புரியவில்லை.

ஐப்பசியில் ஒரு ஆள் வந்தான். வாசலோடு நின்று ஒரு உறையைக் கொடுத்தான். உறைமேல் ஹம்தான் பெயரும் வீட்டு விலாசமும்.

"ரூம்ல உள்ள பசங்க குடுத்து விட்டாங்க. வீட்டுக்குன்னு வாங்கி வச்சிருந்தானாம்."

"புள்ளையப் பாத்தீங்களா தம்பி?" என்று ஹபீபுன்னிசா கேட்டார்.

"அவன் இப்ப வேற எடத்துல இருக்கானாம்மா."

டீ போட உள்ளே போனார்கள். திரும்பி வருவதற்குள் அந்த ஆள் போய்விட்டான்.

உறைக்குள் இருந்தது ஒரு ரேம். கம்ப்யூட்டருக்குள் மெமரி என்று ஒன்று உண்டு. விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு. அதில் கறுப்புக் கறுப்பாய்ச் சில்லு ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் வேலை செய்கிறபோது எல்லாவற்றையும் அதில்தான் பரப்பி வைத்துக்கொள்ளும். அது பெரிசாக இருந்தால் மிஷின் வேகமாக ஓடும். படம் தெளிவாக வரட்டும் என்றுதான் ஹம்தான் வாங்கியிருக்கிறான். மச்சானைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார்கள். பழைய ரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம் காலியாக இருந்தது. மாட்டினார். அழுத்தினதும் 'டக்' என்று உட்கார்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஹம்தான் வந்துவிட்டான்.

முகம் இல்லை. குரலும் இல்லை. எழுத்து மட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்களே, அப்படி. 'நல்லா இருக்கேன்' என்றான். 'போன் இல்லை' என்றான். ஹபீபுன்னிசா பாத்திஹா ஓதித் தெருவுக்கெல்லாம் சீனி கொடுத்தார்.

கொஞ்ச நாள் போனது. பக்கீர் முகம்மது கடைக்கு வந்தார்.

"தம்பி, நீ போட்டதுலேருந்து மிஷினு நவுரவே மாட்டேங்குதுப்பா. கெழட்டு மாடு மாதிரி நிக்கிது. ஒரு எட்டு வந்து பாரேன்."

மச்சானுக்கு ஆச்சரியம். மெமரி கூடினால் வேகம் கூட வேண்டும். குறைகிறது என்றால் எங்கேயோ தப்பு. மத்தியானம் போனார். பெட்டியைச் சாய்த்துப் படுக்க வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினார். குப்பென்று ஒரு வாசனை… புதிதாகக் கொட்டின கான்கிரீட்டில் வருமே, ஈரச் சிமெண்ட் வாசனை. அந்த வீட்டில் எங்கும் கட்டட வேலை நடக்கவில்லை. புதிய ரேம் இருந்த பள்ளத்தில் பொடிமணல். நம் ஊர் ஆற்று மணல் இல்லை. மாவு மாதிரி, மஞ்சளாய். பாலைவனத்திலிருந்து வந்த சாமான், ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஊதிவிட்டார். ரப்பரால் ரேமின் பொன்னிறப் பற்களைத் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

வேகத்தை அளந்து பார்க்க ஒரு புரோகிராம் இருக்கிறது. ஓட்டினார். வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை.

தஹ்மீனா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அண்ணே, அவங்க எழுதுறது ரொம்ப மெதுவா வருதுண்ணே. நாளுக்கு நாள் மெதுவாகுது. மூஞ்சி வர்ற பெட்டி தொறக்குது. ஆனா கறுப்பாவே இருக்கு."

"பாத்துர்றேன்மா."

இரண்டு ரேமும் வேறு வேறு வேகமாக இருந்தால், வேகமானது மெதுவானதுக்காக இறங்கி நடக்கும். அது தெரிந்த விஷயம். ஆனால் இவை இரண்டும் ஒரே வேகம். பள்ளத்தை மாற்றி மாற்றிப் போட்டார். மிஷின் எழும்போதே உள்ளே போய் மெமரி வேகத்தைக் கையால் வைத்துப் பார்த்தார். மாற்றமே இல்லை. பழையதைத் தனியாகப் போட்டார். சரியாக ஓடியது. புதியதைத் தனியாகப் போட்டால் திரையே எழவில்லை. கெட்டுப்போன ரேம் என்று கடைக்கு எடுத்துப்போய்த் தன் மிஷினில் போட்டார். அங்கே நன்றாக ஓடியது. எவ்வளவு அளந்தாலும் குற்றம் சொல்ல முடியாத அளவுக்கு.

மறுநாள் திரும்பக் கொண்டுபோனபோது தஹ்மீனாவின் முகம் வீங்கியிருந்தது.

"நேத்து அவங்க வரலண்ணே."

"வந்துருவான்மா. மாட்டிட்டேன்ல."

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. அன்றைக்கு எப்படியும் கண்டுபிடித்துவிடுவது என்று மச்சான் உட்கார்ந்தார். நெட் வழியாக ஏதாவது வைரஸ் புகுந்து மெமரியைத் தின்கிறதோ என்று சந்தேகம். முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். சுருட்டி மேஜைமேல் வைத்தார். பிறகு ஒவ்வொரு புரோகிராமாக நிறுத்தினார். கடைசியில் மிஷினில் ஓடுவது ஒன்றுமே இல்லை. வெறும் திரை. அப்படியானால் மெமரி பூராவும் காலியாக இருக்க வேண்டும். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

எது பிடித்திருக்கிறது என்று காட்டவில்லை. பெயர் இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. மெள்ள மெள்ள. வெளியே வெளிச்சம் குறையக் குறைய உள்ளே அது ஏறிக்கொண்டே வந்தது… ஒரு அறைக்குள் ஒவ்வொரு ஆளாக வந்து நிற்கிற மாதிரி.

பாங்கு சொன்னார்கள். பக்கீர் முகம்மது பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மாமியாரும் மருமகளும் உள்ளறையில் தொழுகைக்கு நின்றார்கள். கூடத்தில் மச்சான் மட்டும். மிஷினின் விசிறிச் சத்தம் மாறியது. இரைப்பு உள்ளவர் மூச்சு இழுக்கிற மாதிரி இழுத்தது. அந்தச் சிமெண்ட் வாசனை கூடத்தையே நிறைத்தது.

பேசுகிற ஜன்னல் தானாகத் திறந்தது. பக்கத்தில் முகம் வருகிற பெட்டி, கறுப்பாக. எழுத்து வந்தது.

அதிலேயே அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் ஒரு வரியை அடித்து முடித்து அனுப்பினால்தான் நமக்கு அது மொத்தமாக வரும். இங்கே ஒவ்வொரு எழுத்தாக வந்தது. ஒன்று… கொஞ்சம் பொறுத்து இன்னொன்று…

'அம்மா தொழுவுறாங்களா'

மச்சான் கீபோர்டை இழுத்து, 'நான் பகலவன்டா' என்று அடித்தார்.

விசிறி இழுத்தது. வெகுநேரம் கழித்து, 'தெரியும்.'

'விசா என்னடா ஆச்சு? அப்பா வேலைய விட்டுட்டார்டா.'

ஒன்றும் வரவில்லை. ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு ஒரு எழுத்து. இன்னொன்று. ஒவ்வொன்றையும் பளு தூக்கி வைக்கிற மாதிரி.

'வராத.'

'ஏன்டா?'

'இங்க எடமில்ல.'

மச்சானுக்கு எரிந்துவிட்டது. நம்மவர்கள் எத்தனை பேர் எத்தனை இடத்தில் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். டீக்கடையில், கோயில் வாசலில், வாடகைக்கு வீடு கேட்ட தெருவில். அதையெல்லாம் கேட்டுப் பழகின மனுஷர்தான். ஆனால் இவன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவர் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவன். நாலு காசு பார்த்ததும் இவனுக்கும் இடமில்லாமல் போய்விட்டதா என்று… அடுத்த எழுத்து வர ஆரம்பித்தது. அவர் அதைப் படிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மிஷினுக்குள் கையை விட்டு, ஹம்தான் அனுப்பின ரேமை அப்படியே பிடுங்கினார்.

தஹ்மீனா தொழுகைத் துப்பட்டியோடு ஓடி வந்தது.

"வந்தாங்களாண்ணே?"

"வரலம்மா. இது கெட்டுப்போச்சு. எடுத்துட்டுப் போறேன்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கரைச் சாலையில் பாதி தூரம் வந்திருப்பார். நெஞ்சில் எதுவோ சில்லென்று பரவியது. மழைதான் நனைத்துவிட்டது என்று பையைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. ஐஸ் கட்டியைத் தொட்டால் ஒட்டுமே, அப்படி. ஓடுகிற மிஷினிலிருந்து பிடுங்கின ரேம். சுட வேண்டும். ஆனால் பையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் உறைபனி பூத்திருந்தது. வண்டியை நிறுத்தினார்.

நின்ற இடத்தில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. மேஜைமேல் சுருட்டி வைத்த வயர்.

அவர் அதைத் திரும்பச் சொருகவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த அமிர்தத்தக்கா கால் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டது. வைக்கோல் மூட்டத்தை யாரோ கிளறிவிட்டார்கள். நான் மேற்கொண்டு சொன்னேன்.

மறுநாள் காலையில் ஜவுளிக்கடை திறக்கவில்லை. விடியற்காலையில் போன் வந்திருக்கிறது. ஹம்தான் கூட இருந்தவர்களில் ஒருத்தன், இதற்குமேல் மனசு கேட்காமல் கூப்பிட்டிருக்கிறான். ஹம்தான் மௌத்தாகிவிட்டான். முந்தின நாள் இல்லை. நோன்பு மாதத்திலேயே. கட்டடத்துச் சாரம் சரிந்து, ஈரக் கான்கிரீட்டில் விழுந்திருக்கிறான். கம்பெனி மாறினேன் என்றானே, அங்கே வேறு ஒருத்தர் பெயரிலுள்ள அடையாள அட்டையை வைத்து வேலை பார்த்திருக்கிறான். அதனால் உடம்பு யாருடையது என்று கம்பெனி கேட்கவும் இல்லை, கூட இருந்தவர்கள் சொல்லவும் இல்லை. சொன்னால் அவர்களுக்கும் ஊருக்கு டிக்கெட் எழுதிவிடுவார்கள். பிணக்கிடங்கில் பெட்டிக்குள் கிடந்தான். அவன் சாமானில் இருந்த அந்த ரேமை மட்டும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொல்ல முடியாததற்கு அது ஒரு ஈடு.

ஒரு வாரம் போயிருக்கும். பக்கீர் முகம்மது வந்து மச்சானைக் கூட்டிப்போனார். வீட்டில் கூடத்துக்குக் குறுக்கே போர்வை கட்டியிருந்தது. தஹ்மீனா இத்தாவில், புருஷன் மௌத்துக்குத் துக்கம் காக்கிற நாளில், இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"அண்ணே, அந்த மெமரிய வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா."

"திரும்பப் போட்டுக் குடுங்கண்ணே."

ஹபீபுன்னிசா இந்தப் பக்கம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது அழுது குரலே இல்லை. "வேணாம் புள்ள. அவன் போய்ச் சேரட்டும். பிடிச்சு வைக்காத."

"மாமி, அவங்க தினம் வந்தாங்க. நமக்குத்தான் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் நல்லா பேசியிருப்பேன். ஏன் மெதுவா எழுதுறீங்கன்னு சண்ட போட்டேன் மாமி."

ஹபீபுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு, போடு என்று கையைக் காட்டினார்.

மச்சான் பெட்டியைக் கழற்றினார். தூசி வாசனைதான் வந்தது. ரேமை எடுத்தார். சாதாரணமாக இருந்தது, தகடு மாதிரி. பள்ளத்தில் வைத்து அழுத்தினார். மிஷினைப் போட்டார்.

பறந்தது. இதுவரைக்கும் அப்படி ஓடினதே இல்லை. வேகத்தை அளந்தார். வர வேண்டியது முழுசாக வந்தது. மெமரி அத்தனையும் காலி. யாரும் எதையும் பிடித்திருக்கவில்லை. இன்டர்நெட் வயரைச் சொருகினார். பாங்கு சொல்லி, தொழுது முடித்து, விளக்கு வைத்து, வெகுநேரம் வரைக்கும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். விசிறி சன்னமாக, சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"சரியாயிடுச்சாண்ணே?"

மச்சான் வேறு என்ன சொல்வார். "சரியாயிடுச்சும்மா" என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பெண் அவரோடு பேசவில்லை. இத்தா முடிந்ததும் நாகப்பட்டினம் போய்விட்டது. பக்கீர் முகம்மது அலைந்து திரிந்து மனுப் போட்டு, உடம்பு வந்தபோது அடுத்த நடவே வந்துவிட்டது. பெட்டியைத் திறக்காமல்தான் அடக்கம் செய்தார்கள். அதில் இருப்பது ஹம்தான்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பித்தான் ஆக வேண்டும்.

கூட இருந்தவர்களுக்கு உறுத்தல். மச்சானுக்கென்று ஹம்தான் சொல்லி வைத்திருந்த விசாவை எப்படியோ அனுப்பி வைத்தார்கள். நல்ல கம்பெனி. சொந்தப் பெயரில், முறையான அட்டையோடு. மச்சான் போகமாட்டேன் என்றுவிட்டார். மாமனார் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். கேட்கவில்லை. அந்த இடத்துக்குக் கடையில் கூட வேலை பார்த்த பஞ்சநதம் போனான்.

"போயி?" என்றான் துரைராசு.

"போயி என்ன. நல்லாத்தான் இருக்கான். நன்னிலத்துல மாடி வீடு கட்டிட்டான். வருஷா வருஷம் வந்துட்டுப் போறான்."

"அப்ப ஒங்க மச்சான்?"

"அந்தக் கடையிலயேதான் இருக்காரு. இப்ப யாரு கம்ப்யூட்டர ரிப்பேருக்குத் தூக்கிட்டு வர்றா? செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுறாரு."

மாமனார் திரும்ப மண்வெட்டியை எடுத்தார். வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்ன வாயால் போய்க் கேட்டு, வெட்டினார். மகனோடு கடைசிவரைக்கும் சரியாகப் பேசவில்லை. பேய்க்குப் பயந்து பிழைப்பை விட்டவன் என்று ஊரில் மச்சானுக்குப் பெயர். பஞ்சநதம் வீட்டு மாடியைத் தாண்டித்தான் அவர் தினமும் கடைக்குப் போக வேண்டும்.

துரைராசு நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எடமில்லன்னு ஒரு வார்த்த. அதுக்காகவா போகல?"

போன வருடம் நானும் அதையேதான் கேட்டேன். மாமனார் காரியம் முடிந்து, எல்லோரும் போனபிறகு. அரசலாற்றுப் படித்துறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒத்த வார்த்தைக்காக அப்பாவை இப்படி விட்டுட்டீங்களே மச்சான் என்றேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"வார்த்தைக்காக இல்ல மாப்ள" என்றார். பிறகு சொன்னார். தஹ்மீனாவிடம் சொல்லாதது. பெற்ற அப்பாவிடமும் சொல்லாதது.

ரேமைப் பிடுங்கினாரே, அந்த நொடியில் மிஷின் அப்படியே உறைந்து நின்றது. திரை அணையவில்லை; தஹ்மீனா வருவதற்குள் அவர்தான் ஸ்விட்சை அணைத்திருக்கிறார். அதுவரைக்கும் கறுப்பாகவே இருந்த பெட்டியில், படம் வந்திருந்தது.

நீளமான அறை. சுவரெல்லாம் இரும்பு இழுப்பறை. முன்னால் ஹம்தான் நிற்கிறான். புருவத்தில், மீசையில், வெள்ளையாய் உறைந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் வரிசை. வெளிநாட்டில் நம் பசங்க போன் பூத் வாசலில் முறைக்கு நிற்பார்களாமே, அந்த மாதிரி வரிசை. எல்லாம் வேலைக்குப் போன உடுப்பிலேயே. எந்த ஊர், எந்தப் பாஷை என்று தெரியவில்லை. கால் கட்டைவிரலில் ஆளுக்கொரு அட்டை கட்டியிருக்கிறது. அறை முடிகிற இடம் வரைக்கும் தோளோடு தோள் ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் நிற்கிறார்கள். தங்கள் முறை எப்போது வரும் என்று.

ஹம்தானுக்கு அடுத்து மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

ஹம்தான் ஒரு கையைப் பின்னால் விரித்து, மச்சான் கண்ணுக்கு அந்த இடம் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான்.